பிஐபியை எங்கே பதிவு செய்வது: காகிதக் கோப்பா, பகிர்வு ஆவணமா, டீம் போர்டா, மனிதவள மென்பொருளா?

பாயான் லெப்பாஸ், பட்டர்வொர்த், அந்தப் பக்கம் கோலாலம்பூரில் பங்சார் சவுத், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களில் டீம் லீடராக இருக்கும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒருத்தர பிஐபியில போட வேண்டியிருக்குக்கா. எங்க வேலையெல்லாம் ட்ரெல்லோவுலதான் ஓடுது. இதையும் அதுலயே ஒரு கார்டா போட்டுடலாமா?" டீமின் வேலைகளைக் கார்டுகளாகப் போர்டில் போட்டு நகர்த்தும் திட்ட மேலாண்மை மென்பொருள்தான் ட்ரெல்லோ. அதன் இடத்தில் சிலர் ஜிரா என்பார்கள், சிலர் ஆசானா அல்லது பிளானர் என்பார்கள். கேள்வி ஒன்றேதான்.

பிஐபி என்பது செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம். வேலையில் குறைவாக இருக்கும் ஊழியரிடம் குறை என்ன, எந்த அளவுக்கு மாற வேண்டும், எத்தனை நாளில், நிறுவனம் என்ன உதவி செய்யும் என்று எழுதிக் கொடுத்து, வாரா வாரம் உட்கார்ந்து பார்ப்பது. கால அளவு எதையும் சட்டம் சொல்லவில்லை. நம் ஊரில் மூன்று மாதம் என்பது பரவலான வழக்கம்.

நான் பினாங்கில் மனிதவளப் பணியில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு "எந்த மென்பொருளில் வசதி அதிகம்" என்ற கோணத்தில் பதில் தேடினால் தவறான இடத்தில்தான் போய் நிற்போம் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மனிதரின் வேலையும் மானமும் இதில் இருக்கின்றன. அதனால் முதலில் அளவுகோல்கள், பிறகு மென்பொருள்.

## எதை வைத்து எடை போடுவது

சட்டத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், மற்ற அளவுகோல்கள் அதிலிருந்துதான் வருகின்றன. 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, நியாயமான காரணமின்றித் தன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கருதும் ஊழியர் 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். அங்கே சமரசம் ஆகாவிட்டால் விவகாரம் தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகும். 2021 தொடக்கத்திலிருந்து இது அமைச்சரின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. இலாகாவின் தலைமை இயக்குநரே நேராக அனுப்பிவிடுவார். நீக்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. தோற்றால், வேலையில் நிரந்தரம் செய்யப்பட்டவருக்கு 24 மாதம் வரை, தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு 12 மாதம் வரை பின்சம்பளம் கொடுக்க நேரலாம்.

வேலைத் திறன் குறைவு என்ற காரணத்துக்கு நீதிமன்றம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவது மூன்று விஷயம். குறை இன்னதென்று ஊழியருக்குச் சொல்லப்பட்டதா, வேலை போகலாம் என்று எச்சரிக்கப்பட்டதா? திருந்த போதுமான அவகாசம் தரப்பட்டதா? அதன் பிறகும் முன்னேற்றம் இல்லையா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் பதிவுதான் வேண்டும். அதே சட்டத்தின் 30ஆவது பிரிவு, நுணுக்கமான விதிகளில் சிக்காமல் நியாயத்தையும் விஷயத்தின் சாரத்தையும் பார்த்துத் தீர்ப்பளிக்கும்படி நீதிமன்றத்துக்குச் சொல்கிறது. ஆகவே விலை உயர்ந்த மென்பொருளில் எடுத்த அழகான அறிக்கைக்குத் தனி மதிப்பெண் கிடையாது. கையால் எழுதிய குறிப்பாக இருந்தாலும் நேர்மையாக, அந்தந்த வாரமே எழுதப்பட்டிருந்தால் எடுபடும்.

இதை மனதில் வைத்து நான் பார்ப்பவை இவை:

யார் கண்ணில் படும்? ஊழியர், அவருடைய மேலாளர், மனிதவளத்தில் ஒருவர். இந்த மூவருக்கு மேல் தெரியக்கூடாது. எனக்கு இதுதான் முதல் அளவுகோல். இதில் தேறாத வழியை மற்ற எதில் தேறினாலும் ஒதுக்கிவிடுவேன்.

நிறுவனம் செய்த உதவியும் பதிவாகுமா? ஊழியர் செய்த தப்புகளை மட்டும் அடுக்கும் பதிவு பாதிப் பதிவு. பயிற்சி கொடுத்தோமா, கேட்ட பொருளைக் கொடுத்தோமா, கொடுக்கத் தாமதமானதா, எல்லாம் வர வேண்டும்.

பின்னாளில் மாற்றி எழுதியதல்ல என்று காட்ட முடியுமா? தேதி, யார் எழுதியது, யார் திருத்தியது.

வாரா வாரம் எழுத முடியுமா? மூன்றாவது வாரத்தோடு நின்றுபோகும் முறை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

வெளியே எடுக்க முடியுமா? ஊழியர் போன பிறகு, ஏன், மேலாளரே போன பிறகும், பதிவு நிறுவனத்தின் கையில் முழுசாக இருக்குமா?

எவ்வளவு செலவு? கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வேலைக்கு மட்டம் போடுவது, பொய்க் கணக்கு காட்டுவது போன்றவை ஒழுங்கீனம். அதற்குக் காரணம் கோரும் கடிதம், உள்விசாரணை என்று வேறு பாதை. அதைக் கொண்டுவந்து பிஐபியில் திணிக்காதீர்கள். இரண்டு பாதையும் கெட்டுப்போகும்.

இனி எல்லா வழிகளையும் ஒரே உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். பாயான் லெப்பாஸ் விமான நிலையச் சரக்குப் பக்கம், சரக்கு அனுப்பும் வேலையையும் சுங்க வேலையையும் செய்து கொடுக்கும் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகம், இருபத்தைந்து பேர். இறக்குமதிக்கான கே1 சுங்கப் பாரங்களைத் தயாரிக்கும் மேசையில் ஓர் இளைஞர். அவர் செய்யும் பாரங்கள் எச்எஸ் கோட் (சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்) தவறு, எடை தவறு என்று அடிக்கடி திருத்தத்துக்குத் திரும்பி வருகின்றன. ஒவ்வொரு ஷிப்மென்ட்டும் டீமின் ட்ரெல்லோ போர்டில் ஒரு கார்டு: ஆவணம் வந்தது, டிக்ளரேஷன், கஸ்டம்ஸ் ரிலீஸ், டெலிவரி என்று இடமிருந்து வலமாக நகரும்.

## காகிதமும் கோப்பும்

பழைய முறைதான், ஆனால் இன்றும் எல்லா வழிக்கும் அடித்தளம் இதுவே. திட்டத்தை அச்சிட்டு, எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை ஊழியர் கையில் கொடுத்துவிடுவது. யார் கண்ணிலும் படாது. அலமாரிக்குப் பூட்டு இருந்தால் போதும். கையெழுத்துக்கு மேல் தெளிவான ஒப்புதல் வேறில்லை. ஊழியர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், "பெற்றுக்கொண்டேன், உடன்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட இடம் விடுங்கள். அதுவும் அவருடைய உரிமை.

மறைமுகச் செலவு வாராந்தரக் குறிப்பில் வருகிறது. முதல் வாரம் அச்சு, இரண்டாம் வாரம் அச்சு, அதன் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அப்புறம் வாய்ப்பேச்சு. கடைசியில் பன்னிரண்டு வாரத்துக்கான குறிப்பையும் ஒரே நாளில், ஒரே பேனாவில் எழுதி வைக்கிற ஆசை வரும். அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், குறுக்கு விசாரணையில் நிற்காது.

பத்து பேருக்குள் இருக்கும் கடை, பட்டறை, கிளினிக் போன்ற இடங்களில், முதலாளியும் ஊழியரும் தினம் முகம் பார்க்கிற சூழலில், இது போதும். வேறெதுவும் வாங்க வேண்டாம்.

## பகிர்வு ஆவணம்

கூகுள் டாக்ஸ், அல்லது ஒன்டிரைவில் ஒரு வேர்ட் கோப்பு. மூன்று பேருக்கு மட்டும் அனுமதி. மேலே திட்டம், கீழே வாரா வாரம் ஒரு பத்தி. இளைஞரும் அதே பக்கத்தில் தன் பதிலை எழுதலாம். திருத்த வரலாறு தானாகவே சேர்ந்துகொண்டு போகும். யார் எப்போது என்ன மாற்றினார் என்று திறந்து காட்டலாம்.

நம் உதாரண அலுவலகத்தில் ஒரு வாரக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் இப்படி எழுதச் சொல்வேன்:

> வாரம் 3, வெள்ளிக்கிழமை சந்திப்பு. இந்த வாரம் செய்த கே1: 31. திருத்தத்துக்குத் திரும்பியவை: 4. இரண்டில் எச்எஸ் கோட் தவறு, ஒன்றில் எடை, ஒன்றில் இன்வாய்ஸ் நாணயம். சென்ற வாரம் கேட்டிருந்த எச்எஸ் கோட் பட்டியல் புதன்கிழமைதான் கொடுக்கப்பட்டது. தாமதம் மேலாளர் பக்கம். அடுத்த வாரம்: காலையில் செய்யும் முதல் பத்து பாரங்களை, சமர்ப்பிக்கும் முன் சீனியர் ஒருவர் பார்ப்பார். ஊழியர் சொன்னது: மதியத்துக்கு மேல் அவசர ஷிப்மென்ட் சேர்ந்து வரும்போதுதான் தப்பு வருகிறது.

எண்ணிக்கை இருக்கிறது, தப்பின் வகை இருக்கிறது, மேலாளர் பக்கத் தாமதம் மறைக்கப்படவில்லை, ஊழியரின் குரல் இருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள். அதைப் படித்த மேலாளர் மதிய வேலையைப் பிரித்துக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம். இப்படி ஒரு பத்தியாக எழுதும் வசதி ஆவணத்தில்தான் இயல்பாக அமைகிறது. கார்டுகளிலும் கட்டங்களிலும் இது துண்டு துண்டாகிவிடும்.

இதிலும் குழிகள் உண்டு. "லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்" என்ற தேர்வை அவசரத்தில் அழுத்திவிட்டால் ரகசியம் அன்றோடு போச்சு. மேலாளர் தன் சொந்த ஜிமெயிலில் ஆவணத்தைத் தொடங்கினால் அது அவருடைய சொத்து. அவர் வேலை மாறும்போது அதுவும் அவரோடு போகும். நிறுவனக் கணக்கில், மனிதவளத்தின் பெயரில் தொடங்குங்கள். ஆவணத்தை நகல் எடுத்தால் பழைய திருத்த வரலாறு நகலோடு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வாரம் எழுத மறந்தால் ஆவணம் யாரையும் எழுப்பாது, ஆகவே நாள்காட்டியில் மூவருக்கும் தொடர் சந்திப்பு போட வேண்டும்.

கூடுதல் செலவு அநேகமாக இல்லை. நிறுவன மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே கட்டும் சந்தாவிலேயே இது வந்துவிடுகிறது.

## திட்ட மேலாண்மை மென்பொருள்

கேள்வி இங்கேதான் தொடங்கியது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கிறேன். இதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

டீமின் பொதுப் போர்டிலேயே போடுவது. இதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். கார்டின் தலைப்பில் பிஐபி என்று எழுதாமல் "தனிப்பட்ட இலக்கு" என்று எழுதினாலும் சரி, பெயருக்குப் பதில் ஊழியர் எண்ணைப் போட்டாலும் சரி. பல அலுவலகங்களில் போர்டு, டீம்ஸ், ஸ்லாக் போன்ற அலுவலக அரட்டைச் செயலிகளோடு இணைக்கப்பட்டிருக்கும். புது கார்டு உருவான அந்த நிமிடமே அறிவிப்பு எல்லாருடைய கைப்பேசியிலும் எட்டிப் பார்க்கும். மதியம் நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்து மேசைக்காரர், "தம்பி, உன் பேர்ல என்னமோ கார்டு வந்துச்சே, பிஐபின்னு, என்னது அது?" என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த இளைஞர் அதற்குப் பிறகு திருந்துவதற்காக அந்த அலுவலகத்துக்கு வரமாட்டார்; வேறு வேலை கிடைக்கும்வரை வருவார். கார்டை அழித்தாலும் போன அறிவிப்பு திரும்பி வராது.

சட்டமும் இங்கே பக்கத்தில்தான் நிற்கிறது. ஊழியரின் செயல்திறன் விவரம் தனிநபர் தரவு. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கோட்பாடுகளில் வெளிப்படுத்தலும் பாதுகாப்பும் அடங்கும். 2024இல் கொண்டுவந்த திருத்தங்கள் 2025இல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. ஒரு கார்டுக்காக அந்த எல்லைவரை போகும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் இதை அலட்சியமாக விடும் காலம் போய்விட்டது.

மூவர் மட்டும் இருக்கும் தனிப் போர்டு. இது வேறு கதை, இதற்கு நியாயமான பயன் இருக்கிறது. ட்ரெல்லோவில் ஒரு போர்டைத் தனிப்பட்டதாக வைத்து மூவரை மட்டும் சேர்க்கலாம். ஆசானாவில் தனிப்பட்ட புராஜெக்ட் உண்டு. ஒவ்வோர் இலக்கும் ஒரு கார்டு, ஒவ்வொரு வாரச் சந்திப்பும் கெடு தேதியோடு ஒரு கார்டு. கெடு நெருங்கினால் அது நினைவூட்டும். "எச்எஸ் கோட் பட்டியல் கொடுப்பது" என்ற கார்டை மேலாளர் பெயரில் போட்டு வைத்தால், அவர் தாமதித்தால் அது சிவப்பாகும். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். காகிதத்தில் மேலாளரின் கடமை எளிதில் காணாமல் போகும். இங்கே அது ஊழியரின் கடமைக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் நிற்கும். தவறு நடந்த ஷிப்மென்ட் கார்டுக்கு இணைப்பும் கொடுக்கலாம், சான்று தேடி அலைய வேண்டாம்.

எல்லா மென்பொருளும் இதற்கு இடம் தருவதில்லை என்பதை முன்கூட்டியே பாருங்கள். ஜிராவின் இலவசத் திட்டம் 10 பேர் வரைதான். அதில் புராஜெக்ட் அனுமதிகளை நாம் மாற்றியமைக்க முடியாது. அங்கே தனியறை வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் பிளானரில் ஒரு குழுவோடு இணைந்த திட்டம் அந்தக் குழுவில் உள்ள எல்லாருக்கும் தெரியும். மூவருக்கென்று தனிக் குழு உருவாக்கினால் தவிர இது சரிப்படாது. எந்த மென்பொருளிலும் ஐடி நிர்வாகி உரிமை வைத்திருப்பவர் தன்னைத் தானே உள்ளே சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. அந்த நிர்வாகி யார், அவர் அந்த ஊழியரோடு ஒரே மேசையில் உட்காருபவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய நிறுவனங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

மாறாத பதிவு என்ற விஷயத்திலும் இவற்றை அதிகம் நம்பிவிடக்கூடாது. கார்டு எந்தப் பட்டியலிலிருந்து எதற்கு நகர்ந்தது என்பதெல்லாம் பதிவாகும். ஆனால் எழுதிய கருத்தை எழுதியவரே அழிக்கலாம். ட்ரெல்லோவில் ஆவணக் காப்புக்கு அனுப்பிய கார்டை நிரந்தரமாக நீக்கிவிட்டால் மீட்க வழியில்லை. மாதம் ஒருமுறை பிடிஎஃப் எடுத்து, மூவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வைப்பது எளிய காப்பு.

இன்னொரு மறைமுகச் செலவு பணத்தில் வராது. திட்ட மேலாண்மை மென்பொருள் எண்ணுவதற்கென்றே செய்யப்பட்டது. எத்தனை கார்டு முடிந்தது, எத்தனை தாமதம் என்று அது காட்டக் காட்ட, நம் இலக்கும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். நம் இளைஞரின் குறை வேகமல்ல, துல்லியம். "வாரத்துக்கு 40 கே1 முடிக்க வேண்டும்" என்று இலக்கு வைத்தால் போர்டு அழகாகப் பச்சையாகும், திருத்தங்கள் கூடும். "திருத்தத்துக்குத் திரும்புவது வாரத்துக்கு இரண்டுக்கு மேல் போகக்கூடாது" என்பதுதான் சரியான இலக்கு. அதை எந்தப் போர்டும் தானாக எண்ணித் தராது, யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டும். வாடிக்கையாளரிடம் பேசும் முறை, சக ஊழியரோடு ஒத்துப்போவது போன்ற குறைகளுக்கு இந்த வழி இன்னும் பொருந்தாது. "மரியாதையாகப் பேசுதல்" என்று ஒரு கார்டு போட்டு அதை "முடிந்தது" பட்டியலுக்கு எப்போது நகர்த்துவீர்கள்?

ஆக, தனிப் போர்டு யாருக்கு நல்லது? வேலை ஏற்கெனவே அந்த மென்பொருளிலேயே நடக்கிறது, குறை எண்ணக்கூடியது, மேலாளருக்கு மறதி அதிகம் அல்லது பயணம் அதிகம், அல்லது மேலாளர் கோலாலம்பூரிலும் ஊழியர் பினாங்கிலும் இருக்கிறார்கள். இந்த நிலைமைகளில் இது ஆவணத்தைவிட நன்றாக வேலை செய்யும். ஒப்புதல் கையெழுத்துக்கு மட்டும் காகிதம் வேண்டும்.

## மனிதவள மென்பொருள்

பிரியோஎச்ஆர், ஸ்விங்வி மாதிரி விடுப்பு, சம்பளம், மதிப்பீடு எல்லாம் ஒன்றாக வரும் மென்பொருள்கள். அனுமதி அமைப்பு இந்த வகை வேலையை மனதில் வைத்தே கட்டப்பட்டிருப்பதால், யார் எதைப் பார்க்கலாம் என்பதில் மற்ற வழிகளைவிட நிம்மதி அதிகம். பதிவு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். மேலாளர் மாறினாலும் அடுத்தவர் கைக்கு ஒழுங்காகப் போகும். ஆண்டு மதிப்பீட்டோடு சேர்ந்தே இருப்பது இன்னொரு நன்மை. போன டிசம்பரில் "மிக நன்று" என்று மதிப்பெண் போட்டவரையே மார்ச்சில் பிஐபியில் வைக்கிறோம் என்றால், அந்த முரண்பாடு அங்கேயே கண்ணில் அறையும். நீதிமன்றத்தில் அடுத்தவர் காட்டும் முன் நாமே பார்த்துவிடுவது நல்லது.

செலவைக் கவனியுங்கள். பிஐபியில் இருப்பது ஒருவர், கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று எல்லா ஊழியருக்கும். பல நிறுவனங்கள் ஆண்டு ஒப்பந்தம் கேட்கும். செயல்திறன் பகுதி அடிப்படைத் தொகுப்பில் இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு மென்பொருள் என்றால் டாலர் விலை, அதன் மேல் சேவை வரி. அந்த வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகிவிட்டது. திட்ட மேலாண்மை மென்பொருளின் கட்டணத் திட்டத்துக்கும் இதே கணக்குதான்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து, மேலாளர் உள்ளேயே போகாமல் இருப்பது. விடுப்புக்கு மட்டும் அந்த ஆப்பைத் திறக்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை அங்கே போய்ப் பத்தி எழுதமாட்டார். மனிதவள அதிகாரி துரத்தித் துரத்தி, கடைசியில் தானே எழுதிவிடுவார். அப்போது சந்திப்பில் இருந்தவர் எழுதாத குறிப்பாகிவிடுகிறது அது.

நூறு பேரைத் தாண்டிய நிறுவனம், இரண்டு மூன்று கிளை, ஒரே நேரத்தில் பல பிஐபி என்றால் இதுதான் சரி. ஒருவருக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | காகிதம் | பகிர்வு ஆவணம் | தனிப் போர்டு | மனிதவள மென்பொருள் |
|---|---|---|---|---|
| ரகசியம் | நன்று | அனுமதியைச் சரியாக வைத்தால் நன்று | திட்டத்தையும் நிர்வாகியையும் பொறுத்தது | மிக நன்று |
| நிறுவனத்தின் உதவி பதிவாவது | எளிதில் விடுபடும் | நன்று | மிக நன்று | படிவத்தைப் பொறுத்தது |
| திருத்த வரலாறு | கையெழுத்து மட்டுமே | நன்று | ஓரளவு | பெரும்பாலும் நன்று |
| வாரா வாரம் எழுதுவது | சீக்கிரம் நின்றுபோகும் | நாள்காட்டி இருந்தால் நடக்கும் | நினைவூட்டும் | மேலாளரைப் பொறுத்தது |
| வெளியே எடுப்பது | கையிலேயே இருக்கிறது | எளிது | மாதாமாதம் எடுக்க வேண்டும் | ஒப்பந்தம் முடியும் முன் எடுக்க வேண்டும் |
| செலவு | இல்லை | அநேகமாக இல்லை | சிலவற்றில் கட்டணத் திட்டம் | எல்லா ஊழியருக்கும் தலைக்கட்டணம் |
| பொருந்தாத குறை | எதுவுமில்லை | எதுவுமில்லை | எண்ண முடியாதவை | எதுவுமில்லை |

## என் தேர்வு

இருபது முதல் ஐம்பது பேர் உள்ள நிறுவனத்தில் முதல்முறை பிஐபி நடத்துபவருக்கு நான் சொல்வது: கையெழுத்திட்ட காகிதம், வாரக் குறிப்புக்கு மூவர் மட்டும் காணும் பகிர்வு ஆவணம். வேலை நடக்கும் போர்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதைச் சான்றுக்கு மட்டும் பாருங்கள். நம் ஃபார்வர்டிங் அலுவலகத்தில், ஷிப்மென்ட் கார்டுகள் டீம் போர்டில் வழக்கம்போல ஓடும். எந்தக் கார்டு திருத்தத்துக்கு வந்தது என்ற எண்ணிக்கையை மேலாளர் வெள்ளிக்கிழமை எடுத்து ஆவணத்தில் எழுதுவார். போர்டில் பிஐபி என்ற சுவடே இருக்காது.

மேலாளர் அடிக்கடி ஊரில் இல்லாதவர் என்றால் ஆவணத்துக்குப் பதில் தனிப் போர்டு. அப்போதும் வாரச் சந்திப்பு நேரிலோ காணொளியிலோ நடந்தே ஆக வேண்டும். கார்டில் கருத்து எழுதிவிட்டு "சொல்லிட்டேனே" என்பது சந்திப்பாகாது.

எந்த வழியை எடுத்தாலும் சில வேலைகள் பொது. பேச்சு தமிழில் நடந்து, குறிப்பு ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்படுவது நம்மிடம் சாதாரணம். எழுதி முடித்ததும் ஊழியருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, "நான் சொன்னது இதுல சரியா வந்திருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் சொல்லும் திருத்தத்தை அதே இடத்தில் செய்யுங்கள்.

பயிற்சி தேவைப்பட்டால் கையிலிருந்து செலவழிக்கும் முன், ஊழியர் பயிற்சிக்கு நிதி தரும் அரசு அமைப்பான எச்ஆர்டி கோர்ப்பைப் பாருங்கள். மலேசிய ஊழியர்கள் 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள, அந்த அமைப்பின் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காடு தீர்வை கட்டி வருகின்றன; அந்தப் பணத்திலிருந்தே சுங்கப் பாரம், எச்எஸ் வகைப்படுத்தல் போன்ற பயிற்சிக்கு மானியம் கேட்கலாம். பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் கடிதத்தையும் வருகைப் பதிவையும் பிஐபி கோப்பில் சேருங்கள். உதவி செய்தோம் என்று காட்ட இதைவிட உறுதியான தாள் கிடைக்காது.

ஊழியர் தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டால் கொடுக்கும் நிலையில் இருங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகைய கோரிக்கைக்கு 21 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வாரமும் அவர் அதே ஆவணத்தில் இருந்திருந்தால் கேட்கவேண்டிய அவசியமே அநேகமாக வராது.

திட்டம் முடியும் நாளில் முழுப் பதிவையும் பிடிஎஃப்பாக எடுத்து, அச்சிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, ஊழியருக்கு ஒரு பிரதி கொடுங்கள். தனிப் போர்டாக இருந்தால் அதை மூடி, அனுமதிகளை நீக்குங்கள். ஊழியர் தேறிவிட்டார் என்றால், "இத்திட்டம் இன்று வெற்றிகரமாக முடிந்தது" என்று நிறுவனத் தாளில் ஒரு கடிதம் கொடுங்கள். பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்தும் அவர் தன் மேல் பிஐபி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே வேலைக்கு வந்துகொண்டிருப்பார். அந்தக் கடிதத்தை யார் எழுதுவது, எந்தத் தேதிக்குள் என்பதையும் முதல் நாளிலேயே திட்டத்தில் மேலாளர் பெயரில் போட்டு வையுங்கள்.